ஒரு விரற்கடை பித்தளை

ராஜபாளையம்
1902 ஏப்ரல் 10

மரியாதைக்குரிய சேக் முகைதீன் மச்சானுக்கு ஹமீது சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் தம்பி ஜமாலும் சுகமாக இருக்கிறோம். மாடும் சுகம். அக்கா நூர்னிசா எப்படி இருக்கிறாள்? உங்கள் கால் எப்படி இருக்கிறது? உருகிய பித்தளையைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்ட பாத்திரக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நீங்கள் ஒருவர்தான் என்று இங்கே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் வண்டிக்கார வீரணன் என்னுடைய பாம்பர்டனையும் இறக்குவான். பட்டாளத்து பேண்டில் பதினோரு வருஷம் நான் கட்டிப்பிடித்து ஊதிய அதே பெரிய குழல். பெங்களூர் கண்டோன்மெண்டில் பழைய சாமான் ஏலத்தில் எடுத்துவந்தேன். மூன்று பிஸ்டன். ஒவ்வொன்றாக அமுக்கினால் சுருதி தங்கம். ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் மட்டும் கீழே வரவேண்டிய ஸ்வரம் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டு நிற்கிறது. உதட்டைத் தளர்த்தி இழுத்துப் பார்த்தாலும் முழுசாக இறங்காது. இங்கே நான் புதிதாகச் சேர்த்திருக்கும் பேண்டில் கிளாரினெட் ஊதும் ஞானதுரை, "ஏ ஹமீதண்ணே, ஒங்க யானை மட்டும் படியில ஏறி நின்னுக்கிட்டு இறங்க மாட்டேங்கே!" என்று கேலி செய்கிறான்.

வருகிற தை மாதம் இங்கே பெரிய ராஜு வீட்டில் கல்யாணம். மதுரை பேண்டையும் கேட்டிருக்கிறார்களாம். அது நமக்கு அமைந்தால் இந்த ஒன்பது பேரும் பிழைத்தோம். இல்லாவிட்டால் அவரவர் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். மூன்றாவது பிஸ்டனின் இழுப்புக் குழாயைக் கொஞ்சம் நீட்டித் தாருங்கள்.

அக்காவுக்கு என் சலாம்.
ஹமீது

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
1902 ஏப்ரல் 22

ஹமீது மாப்பிள்ளைக்கு முகைதீன் துஆ செய்து எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். கால் சுகமில்லை. செருப்புப் போட்டால் எரிகிறது, வண்டியில் ஏறினால் உயிர் போகிறது. ஏழு மைல் தூரத்தில் இருக்கும் மச்சினனுக்குக் காகிதம் எழுதுகிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் என்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்.

உன் குழலைப் பார்த்தேன். இதைச் செய்த வெள்ளைக்காரன் நல்ல வேலைக்காரன்தான், ஆனால் ஒரு மூட்டும் ஒழுங்காகப் பற்றவைக்காமல் விட்டிருக்கிறான். நான்கு இடத்தில் குழாய் கையோடு கழன்று வருகிறது! எல்லாவற்றையும் தேய்த்து, ஈயம் வைத்து இறுகப் பற்றவைத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. சுருதி ஏறினதெல்லாம் அந்த ஒழுக்கினால்தான். இனிமேல் சரியாக இருக்கும்.

நூர்னிசா கேட்கச் சொன்னாள்: "அவன் ஊருக்கு வந்து எட்டு மாசமாச்சு, ரெண்டு தரந்தான் மொகத்தக் காட்டியிருக்கான். அக்கா உசுரோட இருக்காளா இல்லையான்னு பாக்க வேண்டாமா?" பதில் எழுது.

முகைதீன்

*

ராஜபாளையம்
1902 ஏப்ரல் 28

மச்சானுக்கு ஹமீதின் சலாம். நாங்கள் சுகம். ஆனால் என் குழல் மௌத்தாகிவிட்டது.

மச்சான், அது தண்ணீர்க் குடம் இல்லை! அந்த நான்கு குழாயும் கழன்று வரத்தான் வேண்டும். வெயிலுக்கும் குளிருக்கும் தக்கபடி இழுத்தும் தள்ளியும்தான் சுருதி சேர்ப்போம். ஊதும்போது உள்ளே சேரும் எச்சில் தண்ணீரையும் அந்த வழியாகத்தான் கொட்டுவோம். நீங்கள் அடைத்துவிட்டதால் நேற்று சுந்தரபாண்டியத்துக் கல்யாணத்தில் பாதிப் பாட்டிலேயே குழல் கொளகொளவென்று கொப்பளிக்க ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்த சிரிப்பில் ஞானதுரையும் வாசிப்பதை விட்டுவிட்டான். ஜமால் மட்டும் ஒன்றும் நடக்காதது போலப் பெரிய டிரம்மை அடித்துக்கொண்டே இருந்தான். நல்ல பிள்ளை.

திருப்பி அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நான் கேட்ட ஒன்றை மட்டும் செய்யுங்கள். அக்காவிடம் சொல்லுங்கள், ஆடி பிறந்ததும் வாரேன்.

ஹமீது

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
1902 மே 9

மாப்பிள்ளைக்கு, துஆவுடன். எங்கள் தொழிலில் அசைகிற மூட்டு ஒழுகுகிற மூட்டு. நீ முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்து முடித்தாயா?

ஈயத்தை உருக்கிவிட்டேன். குழாய்கள் பழையபடி கழன்று வருகின்றன. இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். கம்பியை வைத்து எல்லாவற்றையும் அளந்தேன். மூன்றாவது குழாய் தனக்கு வேண்டிய நீளம் சரியாக இருக்கிறது. முதலாவதும் அப்படியே. ஆனால் முதலாவதை அமுக்கியதுமே மொத்தக் குழலும் நீண்டுவிடுகிறது. நீண்ட குழலுக்கு மூன்றாவது குழாய் பற்றாது. பையனுக்குத் தைத்த சட்டையைத் தகப்பன் போட்டால் கை எட்டாது அல்லவா, அதுதான் கதை. நீட்டினால் சேர்த்து அமுக்கும்போது சரியாகும், தனியாக அமுக்கும்போது கெட்டுப்போகும். இது செய்தவன் விட்ட குறை. நான் தீர்க்க முடியாது.

ஆகையால் நான் ஒன்றும் செய்யவில்லை. ஊதுவாய்க்கு அடுத்து நிற்கும் பெரிய இழுப்புக் குழாயில் நீ வழக்கமாக நிறுத்தும் இடத்தில் மட்டும் ஊசியால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அந்த ஒரு ஸ்வரத்தை உன் உதட்டை வைத்துச் சமாளித்துக்கொள்.

நூர்னிசா உனக்கு அதிரசம் கொடுத்துவிட்டிருக்கிறாள். வீரணன் வழியில் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்.

முகைதீன்

*

ராஜபாளையம்
1902 ஆகஸ்டு 3

அன்புக்குரிய மச்சானுக்கு ஹமீது ஆயிரம் சலாம் சொல்லி எழுதுவது. இங்கு சுகம். அங்கும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன்.

மச்சான், நீங்கள் பெரிய கள்ளன்! ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிவிட்டு என்னவோ செய்திருக்கிறீர்கள். அந்தக் கீழ் ஸ்வரம் இறங்கிவிட்டது! ஒன்றும் மூன்றும் சேர்த்து அமுக்கினால் அப்படியே வந்து உட்காருகிறது. நான் உதட்டால் இழுக்கக்கூட இல்லை. பதினோரு வருஷமாக மல்லுக்கட்டிய ஸ்வரம் இது. பட்டாளத்து பேண்டு மாஸ்டர் இதற்காக என்னை எத்தனை தரம் வெயிலில் நிறுத்தியிருக்கிறார் தெரியுமா? ஞானதுரை கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அண்ணே, யானை படியிறங்கிருச்சு!" என்று கத்தினான். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பெரிய ராஜுவின் ஆள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். "பாகுந்தி, பாகுந்தி" என்று தலையை ஆட்டினார். தைக் கல்யாணம் நமக்குத்தான் என்று நினைக்கிறேன்.

சொன்னபடி ஆடி பிறந்ததும் வரமுடியவில்லை, அக்கா கோபிக்க வேண்டாம். ஆடிக் காற்றில் தொண்டை கட்டிக்கொண்டிருந்தது. வேறொன்றுமில்லை.

ஹமீது

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
1902 ஆகஸ்டு 12

ஹமீது மாப்பிள்ளைக்கு முகைதீன் எழுதுவது. உன் சந்தோஷம் எங்கள் சந்தோஷம். கல்யாணம் அமைய அல்லாஹ் நாடட்டும்.

ஆனால் நான் கள்ளனில்லை. நிஜமாகவே ஒன்றும் செய்யவில்லை. பித்தளை தானாக வளராது, தானாகக் குறையவும் செய்யாது. மே மாதம் குட்டையாக இருந்த குழாய் ஆகஸ்டிலும் குட்டைதான். அப்படியிருக்க அந்த ஸ்வரம் எப்படி இறங்கும் என்று இரண்டு நாளாகப் பட்டறையில் யோசித்துக்கொண்டே ஒரு அண்டாவின் வாயை நெளித்துவிட்டேன்.

உன் காகிதத்தை வாசித்துக் காட்டியதும் நூர்னிசா ஸ்வரத்தை விட்டுவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கும் ஆடிக் காத்துலதான் தொண்டை கட்டுச்சு. பொறவு இருமல் வந்துச்சு. வேறொண்ணுமில்லன்னுதான் அவியளும் சொன்னாவ" என்கிறாள். உங்கள் அம்மாவைச் சயரோகத்தில் கடைசி வரை மடியில் தாங்கியவள் அவள்தானே, பயப்படுகிறாள். நான் அதட்டி உட்காரவைத்திருக்கிறேன்.

இருமல் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் ஒரு வரி எழுது.

முகைதீன்

*

ராஜபாளையம்
1902 அக்டோபர் 20

மச்சானுக்குச் சலாம். ஜமால் சுகம். மாடு சுகம். மழை நல்ல மழை. பதில் எழுதத் தாமதமானதற்கு வீரணன்தான் காரணம். புரட்டாசி சனிக்கிழமையெல்லாம் உங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு ஆள் ஏற்றுவதிலேயே அவன் வண்டி போய்விட்டது.

தைக் கல்யாணம் நமக்கே முடிவாகிவிட்டது. மூன்று நாள் வாசிப்பு, ஊர்வலமும் உண்டு. ஒன்பது வீட்டிலும் அன்று பாயசம்.

இப்போது புதுத் தொந்தரவு. பேண்டில் எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள். ஞானதுரையின் கிளாரினெட் மேலே நிற்கிறது, கார்னெட்காரன் அதற்கும் மேலே. சொன்னால் கேட்பதில்லை, "நீங்கதான் கீழ போறீய" என்கிறார்கள். நானும் அவர்களுக்காகப் பெரிய குழாயை உள்ளே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். உங்கள் ஊசிக்கோடு எப்போதோ உள்ளே மறைந்துவிட்டது. இனித் தள்ள இடமில்லை, முட்டிவிட்டது.

குழலை அனுப்பியிருக்கிறேன். பெரிய இழுப்புக் குழாயின் இரண்டு காலிலும் ஒரு விரற்கடை அறுத்துத் தாருங்கள். குழல் குட்டையானால் சுருதி ஏறும், நானும் அவர்களோடு சேர்ந்துகொள்வேன். ரம்ஜானுக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

ஹமீது

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
1902 நவம்பர் 2

மாப்பிள்ளைக்கு. ஜமால் சுகம், மாடு சுகம், மழைகூட சுகம் என்று எழுதியிருக்கிறாய். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதவில்லை. ஆகஸ்டில் நான் கேட்ட ஒரு வரியும் வரவில்லை.

நான் அறுக்கவில்லை. முதலில் போலீஸ் பேண்டில் இருந்து பென்ஷன் வாங்கிய சந்தனம் என்பவரைக் கூப்பிட்டு ஊதச் சொன்னேன். அவர் உன் மவுத்பீஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தன்னுடையதை மாட்டினார். "பேண்டுக்காரன் அடுத்தவன் மவுத்பீஸ்ல வாய் வைக்க மாட்டான் பாய்" என்றார். நீ தள்ளிவைத்த இடத்தில் ஊதினார், எல்லா ஸ்வரமும் தாறுமாறாக மேலே ஏறி நின்றது. என் ஊசிக்கோடு வரைக்கும் வெளியே இழுத்து ஊதினார், எல்லாம் சரியாக வந்தது. ஒன்றும் மூன்றும் சேர்த்து அமுக்கினார். மேலே நின்றது, ஹமீது. நீ ஏப்ரலில் சொன்னாயே, அதே போல.

குழலில் ஒரு மாற்றமும் இல்லை. அவர்களும் மேலே ஏறவில்லை. உன் மூச்சுதான் இறங்கிக்கொண்டு வருகிறது. கீழ் ஸ்வரத்துக்குத்தான் நிறைய மூச்சு வேண்டுமாம், அதனால் முதலில் அது இறங்கியது. இப்போது மற்றதெல்லாம்.

அடிவளைவைக் கழற்றிக் கழுவினேன். பித்தளையில் பிடிக்கும் துரு பச்சையாக இருக்கும். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். நான் கழுவி ஊற்றியது பச்சையாக இல்லை. நூர்னிசா பார்க்கும் முன்னே சாம்பலைப் போட்டு மூடினேன்.

என் காலுக்குக் கட்டுப் போடும் ஆஸ்பத்திரி டிரஸரிடம் யாருக்கோ என்று கேட்பது போலக் கேட்டேன். அந்தச் சீக்கு வாயிலிருந்து வாய்க்குப் போகும், எச்சில் ஆகாது என்றார். உன் தம்பி ஒரே தட்டில் உன்னோடு சாப்பிடுகிறவன். மவுத்பீஸை யார் கையிலும் கொடுக்காதே. ஊதுவதை நிறுத்திவிட்டு இந்த வண்டியிலேயே ஏறி வா. உனக்குக் கோடிப் புண்ணியம்.

முகைதீன்

*

ராஜபாளையம்
1902 நவம்பர் 8

மச்சான், சலாம்.

நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். ஜமாலுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நெஞ்சுச்சளி என்று சொல்லியிருக்கிறேன்.

நான் அங்கே வந்தால் அக்கா என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அம்மாவைப் பார்த்தது போலவே என்னையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அதை என்னால் தாங்க முடியாது மச்சான். எனக்குப் பயமாக இருக்கிறது. படுத்துக்கொண்டு பயப்படுவதைவிட ஊதிக்கொண்டு பயப்படுகிறேன். ஊதும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை.

தைக் கல்யாணத்தில் கீழ்க்குழல் இல்லாவிட்டால் பெரிய ராஜு மதுரைக்காரனைக் கூப்பிட்டுக்கொள்வார். எட்டுப் பேர் என்னை நம்பி மற்ற வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். தை முடியட்டும். பொறவு நீங்கள் சொல்கிற இடத்துக்கு வருகிறேன், சொல்கிற கஷாயத்தைக் குடிக்கிறேன்.

அறுத்துத் தாருங்கள். குழலை இதோடு திரும்பவும் அனுப்பியிருக்கிறேன். அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

ஹமீது

*

ராஜபாளையம்
1903 ஏப்ரல் 16

மரியாதைக்குரிய மச்சானுக்கு ஜமால் முகமது சலாம் சொல்லி எழுதுவது. அண்ணனின் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்து, அக்காவை வீரணன் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். சௌக்கியமாக வந்து சேர்ந்தாளா? வழியெல்லாம் அழுதிருப்பாள். உங்கள் கால் நோவு எப்படி இருக்கிறது?

நீங்கள் குழலை அறுத்துக் கொடுத்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று அண்ணன் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். தைக் கல்யாணத்தில் மூன்று நாளும் உட்காராமல் வாசித்தார். ஊர்வலத்தில் நான் கையைப் பிடிக்கப் போனதற்கு, "ஏலே, டிரம்ம விட்டுட்டு எதுக்குலே வார?" என்று ஏசினார். மாசி மாதம் படுத்தவர்தான். ஒரு சளி மனுஷனை இப்படிக் கொண்டுபோகும் என்று நான் நினைக்கவே இல்லை.

இப்போது குழலை நான் எடுத்துக்கொண்டேன். டிரம்மை யாரும் அடிக்கலாம், அண்ணன் இடத்தில் வேறு ஒருவன் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் நான் ஊதினால் எல்லா ஸ்வரமும் ரொம்ப மேலே நிற்கிறது. குழாயை முழுக்க வெளியே இழுத்தாலும் பற்றவில்லை. ஞானதுரை காதைப் பொத்திக்கொள்கிறான். அறுத்த துண்டு உங்களிடம் இருந்தால் திரும்ப ஒட்டித் தர முடியுமா?

இன்னொரு சேதி. கான்சாபுரத்தில் ஆரிபா என்ற பெண்ணை எனக்குப் பேசியிருக்கிறார்கள். அண்ணன் இருக்கும்போதே கேட்டுவைத்தது.

ஜமால் முகமது

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
1903 ஏப்ரல் 25

ஜமால் மாப்பிள்ளைக்கு முகைதீன் துஆ செய்து எழுதுவது. அக்கா வந்து சேர்ந்தாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத எழுத என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "பொண்ணு பேசுற நேரத்துல கெட்ட பேச்சு எதுவும் எழுதாதீய. கான்சாபுரத்து ஆளுக காதுல விழுந்தா அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்கிறாள். ஆகையால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அறுத்த துண்டுகள் இரண்டும் பட்டறையில் என் கண் முன்னால் ஆணியில் தொங்குகின்றன. ஒட்டித் தருகிறேன். குழலை உடனே வீரணனிடம் கொடுத்தனுப்பு. நான் ஒட்டித் தரும் வரைக்கும் நீ அதை ஊத வேண்டாம்.

மவுத்பீஸையும் சேர்த்து அனுப்பு. அதை உருக்கிவிட்டு உனக்குப் புதிதாக ஒன்று வார்த்துத் தருகிறேன். ஒருவன் மவுத்பீஸில் இன்னொருவன் வாய் வைப்பது பேண்டுக்காரர்கள் வழக்கமில்லை என்று சந்தனம் சொல்கிறார். வழக்கம் என்றால் வழக்கம். ஏன், எதற்கு என்று கேட்காதே. பெரியவன் சொல்கிறேன், கேள்.

நேரில் வந்தால் இன்னும் ஒரு விஷயம் பேச வேண்டும். இந்த வாரமே வா.

முகைதீன்

*

ராஜபாளையம்
1903 நவம்பர் 5

மரியாதைக்குரிய மச்சானுக்கு ஜமால் சலாம் சொல்லி எழுதுவது. இங்கு ஆரிபா சுகம். மாடு சுகம். நல்ல மழை. நிக்காஹுக்கு வந்து உங்களால் நிற்க முடியாமல் அக்காவோடு அன்றைக்கே திரும்பிவிட்டீர்கள், இரண்டு வார்த்தை பேசக்கூட நேரம் கிடைக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள், அதற்குள் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்ன விஷயம் என்று எழுதலாமே?

நீங்கள் நான்கு தரம் எழுதியும் குழலை அனுப்பவில்லை என்று கோபிக்க வேண்டாம். ஆவணி, ஐப்பசி என்று வாசிப்பு ஓயவில்லை. மவுத்பீஸை உருக்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை. அண்ணன் வாய் பட்ட இடம் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது. அங்கே வாயை வைத்தால் அண்ணன் பக்கத்தில் நிற்பது போலவே இருக்கிறது. பழைய வழக்கமெல்லாம் பட்டாளத்துக்காரர்களுக்கு, அண்ணன் தம்பிக்கு என்ன?

இன்னொன்று, அந்தத் துண்டுகளை இனி ஒட்ட வேண்டாம். நல்ல சேதி மச்சான். குழல் தானாகவே சரியாகிவிட்டது! இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்து, இப்போது எல்லா ஸ்வரமும் சரியாகச் சேர்ந்து நிற்கிறது. ஒன்றும் மூன்றும் சேர்த்து அமுக்கினால்கூட அண்ணன் காலத்தில் வந்தது போலவே வருகிறது. நான் உதட்டால் இழுப்பதுகூட இல்லை. உங்கள் கை ராசிதான்.

அக்காவை இப்போதைக்கு இங்கே அழைத்துவர வேண்டாம். ரோடெல்லாம் சேறு. நானே பெருநாளுக்கு வாரேன் என்று சொல்லுங்கள். ஐப்பசிக் குளிரில் எனக்கும் லேசாகத் தொண்டை கட்டியிருக்கிறது.

ஜமால் முகமது